நீலப்பூக் கோப்பை

பீங்கான் கோப்பையில் காப்பி லேசில் ஆறாது, போதகர் ஐயா. சாசரில் ஊற்றி ஆற்றிக் குடியுங்கள். உங்களுக்கு வைத்திருப்பது ரோசாப்பூப் போட்டது, பயமில்லை.

இந்தச் செட்டு, இங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பங்களாவில் இருந்த துரைசானி சீமைக்குத் திரும்பும்போது கொடுத்தது. என் வீட்டுக்காரர் ஏசுவடியான் அந்தத் துரைசானியிடம் சமையல்காரராக இருந்தார். ஒவ்வொரு கோப்பையிலும் ஒவ்வொரு பூ, எல்லாம் கையால் தீட்டினது. விருந்தாட்களுக்குக்கூட எடுக்காமல் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். அவர் காசத்தில் படுத்த பிறகு ஆசைப்பட்டுக் கேட்டார். நீலப்பூக் கோப்பையைக் கொடுத்தேன்.

அதை வேறு யாரும் புழங்கக் கூடாது என்றார் டாக்டர். பித்தளையென்றால் புளிபோட்டுத் தேய்த்து நெருப்பில் வாட்டிவிடலாம். பீங்கான் விரிசல் விட்டுப்போகும். பின்கட்டிலேயே தனியாகக் கவிழ்த்து வைத்தேன். மகன் தேவஇரக்கத்தை அந்தப் பக்கம் வரவே விட்டதில்லை. அவன் விஷயத்தில் நான் அவ்வளவு கவனம்.

அவனுக்கு ராஜபாளையம் மில்லில் பிட்டர் வேலை. சைக்கிளில் போய் வருவான். மருமகள் அன்னாள், மில் பக்கமே வீடு பார்க்கச் சொல்லி அவனை நச்சரித்தாள். கடைசியில் என்னிடமே வந்தாள்.

"கோவிச்சுக்கிடாதிய அத்தை. வயித்துல பிள்ளை இருக்கு. மாமா இருமுறதக் கேட்டாலே பயமா இருக்கு. அடுத்த மாசம் போயிருதோம்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். அதை அவள் யோசித்திருக்கலாம்.

மறுநாள் காலையில் அவர் குடித்துவிட்டு வைத்த கோப்பையைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். அதிலேயே அவளுக்குக் காப்பி ஊற்றினேன்.

"எம்புட்டு அழகா இருக்கு! எனக்கா அத்தை?" என்று இரண்டு கையாலும் வாங்கினாள்.

"பிள்ளத்தாச்சில்லா, குடி" என்றேன்.

பேறுகாலம் முடியட்டும் என்று சொல்லி அவர்களை நிறுத்திவைத்தேன். தினமும் கொடுத்தேன். அவளும் தினமும் அறைக்குள் எடுத்துப்போய்க் குடித்தாள். என்னை இன்னொரு தாய் என்று ஊரெல்லாம் சொன்னாள். அவர் கண்ணை மூடிய பிறகு அவள் இருமத் தொடங்கினாள். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. பின்னாலேயே அவளும் போனாள்.

அடக்கம் முடிந்து வந்து தேவஇரக்கம் அந்தக் கோப்பையின் சாசரை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

"பாதிய இதுல ஊத்தி, ஊதி எனக்குக் குடுத்துட்டுத்தாம்மா மிச்சத்தக் குடிப்பா. ஒருநாளும் தனியாக் குடிச்சதில்ல."

சொல்லும்போதே இருமினான். அந்த மழைக்காலத்தை அவன் தாண்டவில்லை.

கோப்பையை உடைக்க எனக்கு மனசில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். விளக்கு வைக்கிற நேரம் உள்ளே சாசர் லேசாகக் கிணுகிணுக்கும். பிறகு யாரோ காப்பியை ஊதுகிற சத்தம், மெதுவாக, சூடு பொறுக்காதவனுக்கு ஆற்றிக் கொடுக்கிற மாதிரி. காலையில் திறந்தால் சாசர் ஈரமாக இருக்கிறது.

அவளைக் கொன்றது நான்தான். அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் என் பிள்ளைக்கு அதை ஊட்டியது அவள், ஐயா. அவளை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காக ஜெபிக்கத்தான் உங்களை வரச்சொன்னேன்.