தீயணைப்புத் தொட்டியில் ஸ்கூபா

எனக்குத் தண்ணீர் என்றால் பயம், இன்ஸ்பெக்டர் சார். மக்கில் மொண்டு ஊற்றிக்கொள்வதோடு சரி, ஷவர்கூட ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலைக்கு நான்தான் பாதுகாப்பு மேலாளர். பெயர் வசந்தகுமார். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் நான் 'டைவர் சார்'. புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சிக்குப் போனவன். படகு கிளம்பியதும் வாந்தி வந்துவிட்டது. பயிற்சி நீச்சல் குளத்தோடு நின்றது. இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரப்பர் உடையும் சிலிண்டரும் சொந்தமாக வாங்கினேன். அந்தக் கோலத்தில் எடுத்த படத்துக்குச் சட்டம் போட்டு, 'ஆழத்தில் அமைதி' என்று எழுதி என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். கடலடியைப் பற்றி நான் பேசாத மீட்டிங் கிடையாது.

இப்படியிருக்கையில், தீயணைப்புக்கான நிலத்தடித் தொட்டியில் உறிஞ்சுகுழாயின் சல்லடை அடைத்துக்கொண்டது. தொட்டியை வற்ற வைத்தால் உற்பத்தியை நிறுத்தியாக வேண்டும். இயக்குநர் ஹேமந்த் என்னைப் பார்த்தார். "நம்மகிட்டதான் டைவர் இருக்காரே" என்றார். கைதட்டினார்கள். மறுநாள் காலையில் எனக்குக் காது வலி வந்தது.

டில்லிபாபு பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். மண்ணூர்க்காரன், ஏரியில் முங்கி வளர்ந்தவன். தான் இறங்குவதாகச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மீனுக்கே ஜலதோஷமா சார்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் படத்தைச் செல்போனில் எடுத்துப் பெரிதாக்கி ஹேமந்த் சாரிடம் நீட்டினான். "இன்னா சார் இது, கடலுக்கு அடியில டைல்ஸ் ஒட்டி வச்சிகீறாங்க? எங்க வூட்டு பாத்ரூம்லயும் இதே நீலம்தான் சார்."

ஹேமந்த் சாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். எனக்கு அவன்மேல் கோபமே இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

தொட்டி ஓரத்தில் நானே அவனுக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டேன். வார்களை இழுத்துப் பார்த்தேன். வால்வைத் திறந்து பார்த்தேன்.

"மேல வரும்போது மூச்ச இன்னா சார் பண்றது? ஏரில நாங்க அடக்கிக்கினுதான் வருவோம்" என்று கேட்டான். நல்ல கேள்வி.

பயிற்சியில் முதல் பாடமே அதுதான். குளத்தின் அடியில் சிலிண்டர் காற்றை ஒரு பலூனில் அடைத்து மேலே விடுவார்கள். வர வர உப்பி, தண்ணீரைத் தாண்டுவதற்குள் வெடித்துவிடும். அடியில் சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரலுக்கும் அதே கதிதான். ஏரியில் முங்குகிறவன் கரையில் இழுத்த காற்றோடு போய், அதோடு திரும்புகிறான். அவனுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். ஆனால் இது நன்றாகத் தெரியும்.

"அதையே பண்ணுப்பா. அடியில நல்லா இழுத்துக்கோ, கெட்டியா அடக்கிக்கோ, சட்டுனு மேல வந்துடு" என்றேன்.

சல்லடையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வந்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்; ரத்த நுரை வந்தது. வலது கை ஏணியிலிருந்து தானாக நழுவியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே அடிபட்டவனை ஆம்புலன்சில் ஏற்ற மாட்டோம். உடையை மாற்றி, மேலாளர் காரில் கொண்டுபோய், வெளியில் அடிபட்டதாகச் சொல்லிச் சேர்ப்போம். வாசலில் 'விபத்தில்லா ஆலை' என்று பலகை வைத்திருக்கிறோமே, அது சும்மா வந்துவிடுமா? அவனுக்குக் கைலி கட்டிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கவிப்பிரியா இருந்தார். சின்ன வயது, ஆனால் கெட்டிக்காரப் பெண். "நுரையில ரத்தம் வருது, ஒரு பக்கம் கை கால் வரல. சிலிண்டர் மாட்டிக்கிட்டு எங்கயாவது முங்கினாரா சார்? அப்படின்னா காத்தழுத்தம் ஏத்தற அறை இருக்கற ஆஸ்பத்திரிக்கு இப்பவே அனுப்பணும். அதுதான் வைத்தியம்."

"ஏரியில குளிச்சிட்டிருந்தான் டாக்டர். கொஞ்சம் குடிச்சிருந்தான்."

அவர் இன்னொரு முறையும் கேட்டார். நானும் இன்னொரு முறை சொன்னேன்.

அவன் மனைவி பிரவீனா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கார்லயே இட்டாந்தீங்களே சார், நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். மனசுக்கு நிறைவாக இருந்தது. பொழுது விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

இப்போது நீங்கள் 'கவனக்குறைவால் நேர்ந்த மரணம்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். கம்பெனி வக்கீலும் அதற்கே ஒத்துக்கொள்ளச் சொல்கிறார். சின்னத் தண்டனையோடு போய்விடுமாம். மன்னிக்க வேண்டும், என்னால் முடியாது. வார், வால்வு, அவனுக்குச் சொன்ன பதில், டாக்டரிடம் சொன்ன பதில்: எதில் சார் நான் கவனக்குறைவாக இருந்தேன்? அந்த வார்த்தையை அடித்துவிட்டு, தெரிந்தே செய்தான் என்று போடுங்கள். பாதுகாப்புத் துறையில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.