முன் இருக்கையில் இருந்தவள் சொன்னது

என் பெயரும் வயதும் கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் உள்ளபடி சரி. பேருந்து நிலையத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'மைக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய தெருவில், டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், கணவருடனும் மாமியாருடனும் குடியிருக்கிறேன். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது என் வேலை. என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். சந்திப்பில் பேருந்து மோதிக் காவலாளி ஒருவர் இறந்த வழக்கில் அந்தப் பேருந்தை ஓட்டியவர் அவர். நான் அப்போது அதே வண்டியில் முன் இருக்கையில் இருந்தேன். நான் தெளிவாக இருக்கிறேன், பேசலாம் என்று மருத்துவர் அம்மா சொன்ன பிறகு இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

மோதலைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள். அதை மட்டும் சொன்னால் அரைகுறையாக இருக்கும் என்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டானேன். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த சமயத்தில், ஒருநாள் காலை அறிவிப்பு அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, மேடை மாறி நிற்கும் ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்த இடம் ஈரமானதை உணர்ந்தேன். வலி எதுவும் இல்லை. தண்ணீர் பாட்டில் சாய்ந்துவிட்டது என்று நினைத்து, அறிவிப்பை வழக்கம்போல் இரண்டு தடவையும் சொல்லி முடித்து, மைக்கை அணைத்த பிறகுதான் எழுந்து பார்த்தேன். நாற்காலியின் மெத்தை சிவப்பாக இருந்தது. அதன் பிறகு பக்கத்து அறையில் இருந்த நேரக்காப்பாளர் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி மேலே ஒட்டாமல் கீழே இறங்கி, கருப்பையின் வாயை முழுவதும் மூடிக்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் அம்மா சொன்னார். எனக்குப் புரியவில்லை என்பதைப் பார்த்து, "வாசல்ல பீரோவை இழுத்துப் போட்டு அடைச்ச மாதிரிம்மா. குழந்தை அந்த வழியா வர முடியாது. வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும். அதுவரைக்கும் பீரோ நகரக் கூடாது" என்றார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கணவனும் மனைவியும் சேரக் கூடாது, மாடிப்படியில் தேவையில்லாமல் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னார். "வலிக்கும்னு காத்திருக்காதீங்க. இது வலிக்காது. வலிக்காமலேயே கொட்டும். ரத்தத்தைப் பாத்த உடனே வந்துடணும்" என்றார். இதை என் கணவரும் பக்கத்தில் நின்று கேட்டார்.

சில நாட்கள் வார்டில் வைத்திருந்து, இரத்தம் நின்ற பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். என் மாமியாருக்கு இதில் முதலில் நம்பிக்கை இல்லை. "நானும்தான் மூணு பெத்தேன். நஞ்சு மேல இருக்கா கீழ இருக்கான்னு எவன் எட்டிப் பாத்தான்?" என்றார். நான் சோம்பேறித்தனத்துக்கு மருத்துவரிடம் சீட்டு வாங்கி வந்திருப்பதாகக் கீழே டயர் கடைக்காரர் மனைவியிடமும் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு ஒருநாள் மத்தியானம், தலைவாரிக்கொண்டிருந்தபோது இரண்டாவது தடவையாக இரத்தம் வந்தது. தரையைத் துடைத்தவர் என் மாமியார்தான். துணியைப் பிழியப் பிழியச் சிவப்பாகவே வந்ததைப் பார்த்து, வாளியை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் வார்டு, மறுபடியும் வீடு. அன்றிலிருந்து அவர் என்னை ஒரு டம்ளர்கூடத் தூக்க விடவில்லை. என் கறுப்புப் பாவாடைகளை எல்லாம் மூட்டைகட்டிப் பரணில் போட்டுவிட்டு, நிறம் தெரிய வேண்டும் என்று தன்னுடைய பழைய வெள்ளைப் புடவைகளைக் கிழித்துக் கொடுத்தார். நான் கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "என்ன நிறம்? என்ன நிறம்?" என்று கேட்பார். வெள்ளைதான் அத்தை என்று நான் கத்துவது கீழே டயர் கடைக்கும் கேட்கும்.

படுத்தே கிடப்பதை லேசாக நினைப்பவர்கள் ஒருநாள் படுத்துப் பார்க்க வேண்டும். எனக்குப் பதிலாக மைக்கில் உட்கார்ந்த பெண் வண்டிகளைத் தப்பும் தவறுமாக அறிவிப்பது ஜன்னல் வழியாகக் கேட்கும். மேடை மாற்றிச் சொல்லி, சனங்கள் மூட்டை முடிச்சோடு இங்கும் அங்கும் ஓடுகிற சத்தமும் கேட்கும். படுத்தபடியே அவளைத் திட்டுவேன். திட்டும்போது வயிறு குலுங்கினால் பயந்துபோய் வாயை மூடிக்கொள்வேன். தும்மலுக்குப் பயந்தேன். இருமலுக்குப் பயந்தேன். குழந்தை நன்றாக உதைத்தால் மற்றவர்களுக்குச் சந்தோஷம் வரும், எனக்கு நஞ்சை உதைத்துப் பிய்த்துவிடுமோ என்றுதான் தோன்றும். இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

என் கணவரைப் பணிமனையில் 'ஆமை' என்பார்கள். அவசரமாகப் போகிறவர்கள் அவர் வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறுவார்கள். மஞ்சள் விளக்கிலேயே நிறுத்திவிடுகிற மனிதர். வாரம் ஒருமுறை நான் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. வாடகைக் கார்க்காரர்கள் பள்ளம் பார்க்காமல் ஓட்டுகிறார்கள் என்று அவர்கள்மேல் நம்பிக்கை இல்லாமல், அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் போகும் தடத்தைக் கேட்டு வாங்கி, தானே தன் வண்டியில் என்னைக் கூட்டிப்போவார். மாடியிலிருந்து என்னை நாற்காலியோடு இறக்க நடத்துநர் வருவார். இரண்டு பேருமாக இறக்கும்போது, "அக்கா, ராணி மாதிரி உக்காந்துட்டு வர்றீங்க, கூலி யாரு குடுப்பா?" என்று நடத்துநர் கேலி செய்வார். என் இரத்த வகை உள்ள ஓட்டுநர்கள் நான்கைந்து பேரைத் தேடிப்பிடித்து, கூப்பிட்டால் வந்து கொடுக்க வேண்டும் என்று என் கணவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அவர் எதையும் அலட்சியமாகச் செய்கிறவர் இல்லை.

சம்பவத்தன்று காலை வழக்கம்போல் என்னை முன் இருக்கையில் உட்காரவைத்துக் கிளம்பினார். வண்டியில் பயணிகள் நிறையப் பேர் இருந்தார்கள். பாலத்தைத் தாண்டிய பிறகு எனக்குக் கீழே சூடாக இறங்கியது. வெள்ளைத் துணி, புடவை, இருக்கை எல்லாம் நனைந்து செருப்பில் சொட்டியது. முன்பு வந்ததைப் போல இல்லை, குழாயைத் திறந்துவிட்டது போல வந்தது. நான் என் கணவரைக் கூப்பிட்டேன். கண்ணாடியில் பார்த்தார். நடத்துநர் ஓடி வந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் நெரிசல், தாமதமாகும் என்றார்கள். ஒரு பெண் தன் சால்வையைச் சுருட்டி எனக்குக் கொடுத்தார். பின்னால் இருந்த ஒருவர், "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வலியே இல்லங்கறாங்க, அப்புறம் என்ன? அடுத்த ஸ்டாப்புல இறக்கி விடுங்கப்பா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வலித்துக் கதறியிருந்தால் அவரும் பதறியிருப்பார்.

அந்தத் தடத்து வண்டி சந்திப்பில் சந்தைப் பக்கம் திரும்பி, சுற்றிக்கொண்டுதான் மருத்துவமனைப் பக்கம் வர வேண்டும். நேராகப் போனால் மருத்துவமனை உடனே வந்துவிடும், சந்திப்பிலிருந்தே அதன் தண்ணீர்த் தொட்டி தெரியும். என் கணவர் திரும்பாமல் நேராகப் போகும் வரிசைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். அப்போது சிவப்பு விளக்கு விழுந்தது. மஞ்சள் இல்லை, சிவப்பு. நான் பார்த்தேன். நடப்பவர்களுக்குப் பச்சை எரிந்தது. என் கணவர் பிரேக்கை மிதித்தார். வண்டி ஏறக்குறைய நின்றுவிட்டது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

நான், "நிறுத்தாதீங்க. போங்க" என்றேன்.

அதன் பிறகு அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வண்டியை எடுத்தார். சாலையைக் கடந்துகொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டுப் பின்னால் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை. நீலச் சட்டை, தொப்பி, இடது கையில் சாப்பாட்டுப் பை. அவர் ஓடவும் இல்லை, விழவும் இல்லை. வெள்ளைக் கோடுகளின் நடுவில் நின்று, எங்கள் வண்டியைப் பார்த்து, வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். மோதும்வரை அந்தக் கையை அவர் இறக்கவில்லை.

மோதியதும் என் கணவர் வண்டியை நிறுத்தினார். நடத்துநர் குதித்து இறங்கி, கீழே கிடந்தவரிடம் ஓடி, அங்கிருந்தே, "நீங்க போங்கண்ணே, இவரை நான் கொண்டு வர்றேன்" என்று கத்தினார். அதன் பிறகே வண்டி கிளம்பியது. மருத்துவமனை வாசலில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அறுவை அறையில் மூக்கில் மூடியை வைக்கும்வரை எனக்கு நினைவு இருந்தது. பெண் குழந்தை. மாதம் நிறையாததால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இரத்தம் நிற்காததால் என் கருப்பையை எடுத்துவிட்டார்கள். இன்னும் சிறிது நேரம் போயிருந்தால் நானும் இல்லை, குழந்தையும் இல்லை என்று மருத்துவர் அம்மா சொன்னார். அடிபட்டவரை நடத்துநர் ஒரு சரக்கு வேனில் இதே மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததாகவும், என் அறுவை முடிவதற்குள் அவர் இறந்துவிட்டதாகவும் மறுநாள் நர்ஸ் சொல்லித்தான் தெரியும்.

அதன் பிறகு பணிமனை மேலாளர் பழங்களோடு வந்து பார்த்தார். "அந்த ஆள் கவனிக்காம குறுக்க ஓடி வந்துட்டான்னு ஒரு வரி சொல்லிடும்மா. நேர்ல பாத்த பொண்டாட்டி சொன்னா உன் வீட்டுக்காரனுக்கு எவ்வளவோ நல்லது" என்றார். காவலில் இருந்த என் கணவரைக் குழந்தையைப் பார்க்க ஒருமுறை கூட்டிவந்தார்கள். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு என் கட்டிலுக்கு வந்தார். அந்த ஆள் ஓடி வந்தார் என்று சொல்லும்படி அவர் என்னிடம் கேட்கவில்லை. "நீ மயக்கத்துல இருந்த. உனக்கு எதுவும் தெரியாது. நான் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அவர் சட்டையில் பொத்தான் ஒன்று இல்லை. வீட்டில் இருந்திருந்தால் தைத்திருப்பேன்.

நேற்று மாலை ஒரு பெண் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். இறந்தவரின் மனைவி என்று சொன்னார். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்து, தையல் போட்ட வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன். அவர் என் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதன் பிறகு, "நீங்க முன்னாடிதானே இருந்தீங்க? அவரு பச்சை விழுந்துதானே வந்தாரு? கண்ணுமண்ணு தெரியாம ஓடி வந்தாருன்னு பேசிக்கிறாங்க. காலமெல்லாம் கேட்டுல நின்னு வண்டிகளை நிறுத்தின மனுஷன்மா அவரு" என்றார். எந்த கேட் என்று கேட்டேன். சிமென்ட் கிடங்கில் காவலாளி என்றார். லாரி எவ்வளவு வேகமாக வந்தாலும் அவர் கையைக் காட்டினால் நின்றுவிடுமாம். அப்போதுதான் அந்தக் கை எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை, அழுதுவிட்டேன். அவர்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதனால் என் கணவருக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். குழந்தை பெட்டியிலிருந்து வெளியே வரும்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். என் மாமியார் என்னோடு பேசுவாரா என்றும் தெரியாது. என் கணவர்மேல் எனக்கு அன்பு இல்லாததால் இதைச் சொல்லவில்லை. மைக்கில் நான் ஒருநாளும் தெரிந்தே தவறான மேடையைச் சொன்னதில்லை. காவலாளி ஓடி வரவில்லை. அவருக்குப் பச்சை, எங்களுக்குச் சிவப்பு. என் கணவர் நிறுத்தத்தான் பார்த்தார். நான் மயக்கத்தில் இல்லை.

இதை எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். படிக்கும்போது சிவப்பு விளக்கு வந்த இடத்தில் நான் "போங்க" என்று சொன்னது விடுபட்டிருந்தது. கேட்டதற்கு, "அது வேண்டாம்மா, கைக்குழந்தை இருக்கு உங்களுக்கு" என்று அதிகாரி சொன்னார். அதைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்த பிறகு அந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். இப்போது எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வலது கையில் ஊசி ஏற்றியிருப்பதால் இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன்.