எட்டு ஜன்னல்கள்

மழை வந்தால் ஜன்னல் சாத்துவது எங்கள் வீட்டில் எப்போதும் என் வேலை. மனைவிக்கு எட்டாத உயரத்தில் கொண்டி வைத்துக் கட்டியவன் நான்தான். அதனால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. முப்பது வருடத்தில் ஒரு மழைக்குக்கூட நான் அதை மறந்ததில்லை. நேற்று முழுக்க நீங்கள் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டீர்கள், அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் காவல் நிலைய எழுத்தர் எழுத வேண்டாம், தாளைக் கொடுங்கள் என்று நான் கேட்டதற்கு அவர் முகம் சுருங்கிவிட்டது. வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னுடையது மனு எழுதிப் பழகிய கை. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் குமாஸ்தா. ஓய்வு பெற்ற பிறகு, ஒன்பது வருடத்தில் நாற்பத்தொரு மனு. ஊரில் எனக்குப் பெயரே ‘மனு’. தங்கையின் பெண்கள் இரண்டும் என்னை மனு மாமா என்றுதான் கூப்பிடும்.

நாற்பத்தொன்றும் கல்குவாரியைப் பற்றியவை. தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு மூன்று முறை சங்கு ஊதுவார்கள், பிறகு வெடி. என் மனைவி கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். முதல் சங்குக்கே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காதை இரண்டு கையாலும் பொத்துவேன். வெடித்து முடிந்ததும், “இன்னிக்கு கொஞ்சம் கம்மி, இல்ல?” என்று கேட்பாள். ஒரு நாளும் கம்மியாக இருந்ததில்லை. அவள் செத்தது சிறுநீரகம் கெட்டுப்போய். டாக்டர் எழுதிக் கொடுத்ததை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குவாரி முதலாளி அவளை ஒரு மதியம்கூடக் கண்ணசர விடவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

ஒவ்வொரு மனுவுக்கும் ஒரே பதில்தான் வரும். விதிமுறைகளுக்கு உட்பட்டே இயங்குகிறது, மேல்நடவடிக்கை தேவையில்லை. சரி, அந்த விதிமுறை என்னதான் சொல்கிறது என்று புத்தகத்தையே வாங்கிப் படித்தேன். வெடிமருந்தை யார் செய்யலாம், எங்கே வைக்கலாம், கிடங்குக் கதவில் என்ன ஆணி அடிக்கலாம், சுற்றி எவ்வளவு உயரத்துக்கு மண்மேடு போட வேண்டும், உள்ளே போகிறவன் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்பதுவரை எழுதியிருந்தது. படிக்கப் படிக்க எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் மரியாதை வந்தது. எழுதியவர்கள் பயந்து பயந்து எழுதியிருக்கிறார்கள். அதை மதிக்காதவர்கள்தான் இந்த ஊரில் பெரிய மனிதர்கள்.

நான் தேடியது எனக்குக் கிடைத்தது. கிடங்கில் எவ்வளவு சரக்கு வைக்கலாம் என்பது, பக்கத்தில் உள்ள குடியிருப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் ஊர்க் குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு உரிமத்தில் இருநூறு மீட்டர் போட்டிருந்தார்கள். அதற்குள் ஒரு வீடு இருந்தால் சரக்கைக் கால் பங்காகக் குறைத்தே ஆக வேண்டும். கால் பங்கை வைத்துக்கொண்டு அந்தக் குவாரி ஒரு வாரம் ஓடாது. என் அப்பா விட்டுப்போன ஒரு துண்டு நிலம் கிடங்குக்குப் பின்புறம் சும்மா கிடந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் மூன்று தரம் அளந்தேன். நூற்று முப்பது மீட்டர். அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

ஒரு கூடம், ஒரு சமையலறை, குளியலறை. நாலு மாதத்தில் கட்டி முடித்து, வெடிமருந்துத் துறை ஆய்வாளரை அழைத்துக் காட்டினேன். அவர் நல்ல மனிதர், கை நீட்டாதவர். அடுப்பு மேடையை விரலால் தடவிப் பார்த்தார். கதவு மூலையில் இருந்த ஒட்டடையைப் பார்த்தார்.

“பெரியவரே, இது வீடு இல்ல. நாலு சுவரு. விதியில குடியிருப்புன்னுதான் போட்டிருக்கு. குடியிருக்க ஆளு வேணும்.”

அவர் சொன்னது நியாயம். விதியைப் பிடித்துக்கொண்டு வந்தவன், விதி எனக்கு எதிராகப் பேசும்போது அதைக் கைவிட முடியுமா? ஆள் வேண்டும் என்றால் ஆளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதுதான்.

என் தங்கை வெளியூரில் ஒரு பட்டறைக்கு மேல் ஒற்றை அறையில் இருந்தாள். மாப்பிள்ளை தையல்காரர், பெண்கள் இரண்டு. தையல் மிஷினை நகர்த்தினால்தான் பாய் விரிக்க இடம் என்ற நிலைமை. வாடகை வேண்டாம், வந்து இருங்கள் என்று எழுதினேன். வந்து இறங்கிய அன்று அவள் சமையலறை நடுவில் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தாள். சுவரில் இடிக்கவில்லை. அதற்கே அழுதுவிட்டாள். அந்தக் குடும்பத்துக்கு நான் நல்லது செய்யவில்லை என்று யாராவது சொன்னால் அவரைக் கூட்டி வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

மண்மேட்டைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். குவாரி சாமான் வைக்கிற இடம் என்றேன். பொய் இல்லை. ‘வெடிமருந்து, அபாயம்’ என்ற சிவப்புப் பலகை சாலைப் பக்கம் பார்த்து இருந்தது, வீட்டிலிருந்து தெரியாது. மேட்டில் புல் முளைத்திருந்ததால் சின்னவள் அதற்குக் குட்டி மலை என்று பெயர் வைத்தாள். மதியச் சங்கு ஊதினால், தான் வளர்த்த பூனையின் காதைப் பொத்துவாள். அதைப் பார்த்தபோது எனக்கு என் மனைவி ஞாபகம் வந்தது. கல் மனசுக்காரன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆய்வாளர் மறுபடி வந்தார். கொடியில் துணி, அடுப்பில் உலை, மிஷினில் பாதி தைத்த சட்டை. சரக்கைக் குறைக்கச் சொல்லி முதலாளிக்கு உத்தரவு போனது. ஒன்பது வருடத்தில் என் பக்கம் வந்த முதல் தாள். முதலாளி சும்மா இருப்பாரா? மேல்முறையீடு போட்டார். மனுதாரர் ஆய்வு நாளில் மட்டும் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார், அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். கூட்டாய்வுக்குத் தேதி வைத்தார்கள். வீடு பூட்டியிருந்தால் என் கதை முடிந்தது.

இதற்கிடையில் பெரியவள் சாலைப் பக்கமாக வந்தபோது பலகையைப் படித்துவிட்டாள். அன்று மாலை தங்கை என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

“அண்ணா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். அதுக்குத்தான் வழக்கு நடத்தறேன். ஜெயிச்சா பாதிக்கு மேல காலியாயிடும். உனக்கும் நல்லதுதானே?”

“அதுவரைக்கும்?”

“கூட்டாய்வு முடியட்டும். அப்புறம் இருக்கறதும் போறதும் உன் இஷ்டம்.”

அவள் தன் அண்ணி படம் மாட்டிய சுவரைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். யாரும் அவளைக் கட்டி வைக்கவில்லை என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டாய்வுக்கு முந்தின நாள் மதியம் இரண்டு மணி இருக்கும். கிடங்குக் காவலாளி என் வாசலுக்கு வந்தார். உங்களிடம் அவர் சொன்னது அத்தனையும் நிஜம், ஒரு சொல் கூட்டவில்லை.

“சார், இடிதாங்கியிலேர்ந்து மண்ணுக்கு இறங்கற செப்புப் பட்டைய எவனோ அறுத்துட்டுப் போயிட்டான். நாலு நாளாச்சு. முதலாளிகிட்ட சொன்னா, பாக்கலாம்ங்கறாரு. உள்ள சரக்கும் ரெண்டு மடங்கு கிடக்கு, உத்தரவு உறுதியாகறதுக்குள்ள வாங்கி அடைச்சுட்டாரு. வானத்தைப் பாருங்க, எப்படிக் கருக்குதுன்னு. தங்கச்சி குடும்பத்தை ரெண்டு நாளைக்கு இங்க கூட்டிட்டு வந்துடுங்க. நான் போய்ச் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்.”

“நான் பாத்துக்கறேன்” என்றேன். அவர் படி இறங்கும்போது ஒன்று கேட்டேன்.

“இந்த வீடு வரைக்கும் வருமா?”

“இங்க என்ன சார், தூரம்தானே. ஜன்னல் கண்ணாடி போகும். அவ்வளவுதான்.”

என் வீடு முந்நூற்று நாற்பது மீட்டர். அதையும் நான் அளந்து வைத்திருந்தேன்.

எட்டு ஜன்னல் என் வீட்டில். பூப்போட்ட கண்ணாடி, என் மனைவி கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தது. இப்போது அந்த மாதிரி வருவதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் அதிர்வு உள்ளே புகுந்து போய்விடும், கண்ணாடி பிழைக்கும் என்று எப்போதோ படித்த ஞாபகம். ஸ்டூல் போட்டு ஏறி எட்டுக் கொண்டியையும் விலக்கினேன். காற்றில் அடித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் கொக்கியில் மாட்டினேன். என் வயதில் அரை மணி நேர வேலை. பிறகு மறுநாளைக்கான மனுவின் நகலை எழுத உட்கார்ந்தேன்.

நாலு மணிக்குத் தங்கை போன் செய்தாள். சின்னவள் இடிக்குப் பயப்படுகிறாளாம். “நாங்க எல்லாரும் இன்னிக்கு ஒரு நாள் அங்க வந்துடவா, அண்ணா?” என்று கேட்டாள்.

“காலையில ஆய்வு. எத்தனை மணிக்கு வருவாங்கன்னு தெரியாது. வீட்டைப் பூட்டிட்டு வராதே. பெரியவ டியூஷன் முடிஞ்சு நனையாம நேரா இங்க வரட்டும்.”

“சரிண்ணா. சின்னவகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க” என்றாள். எனக்கு மனு பாதியில் நின்றது. நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஐந்து பத்துக்குக் கிடங்கின் மேல் இடி விழுந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள். தெருவில் ஒரு வீட்டில்கூடக் கண்ணாடி மிஞ்சவில்லை, என் வீட்டைத் தவிர. கொஞ்ச நேரத்தில் பெரியவள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கூடம் முழுக்கத் தண்ணீர். என் மனைவியின் படம் நனைந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அவள் அம்மாவைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள்.

“மாமா, இவ்வளவு மழையில ஏன் எல்லா ஜன்னலும் தொறந்திருக்கு?”

காற்றுக்காக என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. உங்களிடம்தான் பேசியிருக்கிறாள்.

நான் யாரையும் கொல்லவில்லை. பட்டையை அறுத்தது நான் இல்லை. சரக்கை அடைத்தது நான் இல்லை. ஒன்பது வருடமாக ஆபத்து ஆபத்து என்று கத்தியவன் நான் ஒருவன்தான், நாற்பத்தொரு தாளும் உங்கள் மேஜையில் இருக்கின்றன. என் நிலத்தில், என் தங்கையை, விதிக்கு உட்பட்டுக் குடிவைத்தேன். உரிமத்தை இப்போது ரத்து செய்துவிட்டார்கள். நான் கேட்டதும் அதுதான். மதியம் பன்னிரண்டரைக்கு இந்த ஊரில் இனிமேல் எந்தச் சத்தமும் கிடையாது.

காவலாளி வந்ததை ஒப்புக்கொள்கிறேன். தங்கை வருகிறேன் என்றதையும், நான் வேண்டாம் என்றதையும் ஒப்புக்கொள்கிறேன். வெடிக்கும் என்று தெரிந்தேதான் இருக்கச் சொன்னீர்களா என்று நேற்று மேஜையைத் தட்டிக் கேட்டீர்கள். அதற்கு மட்டும் ‘இல்லை’ என்கிறேன். உறுதியாகத் தெரிந்திருந்தால் நானே ஓடிப்போய் மூன்று பேரையும் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க மாட்டேனா? எனக்கு இருந்தது வெறும் சந்தேகம்தான். அதனால்தான் ஜன்னலை மட்டும் திறந்து வைத்தேன்.