லடாக்குக்காக ஒரு நடை

எடப்பாடி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், வேட்டிக்குக் கீழே புது ஷூ போட்டிருந்த பெரியவர் பக்கத்திலிருந்த ஊர்க்காரரிடம் சொன்னார்:

“ஏரிக்கரையில தெனமும் வேகமா நடக்கறது லடாக்குப் போறதுக்குங்க.”

“லடாக்குக்கா? ஏனுங்க?”

“போர்வெல் போடற வண்டியில வேலைக்குப் போன எம்பையன், எங்களக் கேக்காம அங்கயே ஒரு புள்ளயக் கட்டிக்கிட்டான். பேரனப் போட்டோவுலதான் பாத்தேன்.”

“அங்க காத்து கம்மிங்களே. ஸ்டென்ட் வெச்ச உங்க நெஞ்சு தாங்குமுங்களா?”

“அதுக்குத்தானுங்க நடை. நடந்தா இதயம் பலப்படுமாம். அங்க போனதும் ரண்டு மூணு நாளு சும்மா இருந்துட்டு, அப்பறம் மெதுவா நடக்கோணுமாம்.”

“அப்ப எப்பங்க கெளம்பறீங்க?”

அவர் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினார்.

“டாக்டரு போலாம்னுட்டாருங்க. பையந்தான் இன்னும் வாங்கப்பான்னு ஒரு வார்த்த சொல்லல.”