வேட்டியில் சிக்கிய புடவை

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"துணி தொவைக்கிற மிஷின் வந்தப்புறம்தான்டி எங்க வூட்டுக்காரரு என்கூட பேசறாரு."

"அதுக்கு முன்னாடி, அக்கா?"

"ஆறு மாசம் ஒரு பேச்சு இல்ல. அவரைக் கேக்காம பையனை குவைத்துக்கு அனுப்பிட்டேன்னு கோவம். மிஷினும் அந்தப் பையன் வாங்கிக் குடுத்ததுதான்."

"மிஷின் என்னா பண்ணுச்சு?"

"கல்லுல தொவைக்கும்போது அவரு வேட்டி தனி, என் புடவை தனி. மிஷின்ல ஒண்ணா போட்டேன். ரெண்டும் முறுக்கிக்கினு கயிறு மாதிரி வந்துது. நான் இழுத்துக்கினே இருந்தேன், பிரியல. பாத்துக்கினு இருந்த மனுசன் வந்து ஒரு முனையைப் புடிச்சிக்கினு, 'அந்தப் பக்கம் கெட்டியா புடி'ன்னாரு."

"அவ்ளோதானா?"

"பிரிக்கறதுக்குள்ள, பையன் போன் பண்ணானா, நேரத்துக்குத் துன்றானா, எல்லாம் கேட்டுட்டாரு."

பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. இளையவர் அக்கறையாகச் சொன்னார்:

"வேட்டியைத் தனியா போடுங்க அக்கா, சிக்காது."

"மிஷினை எறக்க வந்த கடைக்காரரும் மொதநாளே அதைத்தான் சொன்னாரு. நான் இன்னும் ஒண்ணாத்தான் போட்டுக்கினு இருக்கேன்."