சாப்பிட்டே முன்வரிசைக்குப் போனவன்

யார்க்‌ஷயர் புட்டிங் என்கிற, கறியோடு வைக்கும் மாவுப் பண்டம் நன்றாக உப்பி வர வேண்டுமென்றால், மாவை ஊற்றுவதற்கு முன் தகரத் தட்டில் கொழுப்பு புகைய வேண்டும். இந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது. லேசாகச் சூடேறியதும் ஊற்றிவிட்டு, பிறகு அடுப்பைத் திட்டுவார்கள். நான் பொறுமைக்காரி. இனி சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அந்தக் குணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். சாப்பிடுங்கள் தம்பி, ஆறினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

கிளென் ஆக்ராய்டின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறீர்கள். ரக்பி லீகில் ஃபுல்பேக்காக வந்து முன்வரிசை மலையாக முடித்தவன், நாட்டுக்கே ஆடியவன் என்றெல்லாம் எழுதுவீர்கள். முதல் பக்கத்தில் ‘என்னை வளர்த்த ஹில்டா அம்மாவுக்கு’ என்று போடச் சொல்லியிருக்கிறானாம். போடுங்கள், பொய்யில்லை. ஆனால் எப்படி வளர்த்தேன் என்பதையும் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும். முழு வேலையைச் செய்துவிட்டுப் பாதி வேலைக்குப் பாராட்டு வாங்குவது எனக்குப் பிடிக்காது.

எங்கள் ஊர் ஹாலின்ஷாவுக்கு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. கம்பர்லாந்து கடற்கரைப் பக்கத்துப் பையன். அம்மா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பகலில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, சாயங்காலம் பயிற்சி, சனி ஞாயிறில் ஆட்டம் என்று கிளப் ஏற்பாடு செய்திருந்தது. தங்க இடம்தான் இல்லை. அணியின் உடைகளைத் துவைத்துத் தைத்துக் கொடுப்பவள் நான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மாடியறை காலியாகத்தான் கிடந்தது. பயிற்சியாளர் ராம்ஸ்டன் என் வாசலில் வந்து நின்று தொப்பியைப் பிசைந்தார்.

“கேக்கவே சங்கடமா இருக்கு ஹில்டா. உன் பையன் ஆடுற இடத்துக்குத்தான் இவன் வந்திருக்கான். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு.”

“எந்த இடத்துல ஆடுறான்னு பார்த்தா ஒருத்தனுக்குப் பசிக்குது? அனுப்பி வைங்க,” என்றேன்.

தெரு முழுக்க என் பெரிய மனசைப் பற்றித்தான் பேச்சு.

என் மகன் நெவில் அப்போது இரண்டாம் அணியின் ஃபுல்பேக். பதின்மூன்று பேர் ஆடும் ஆட்டத்தில் அந்த இடம் ஒன்றே ஒன்று. மற்றவர்கள் முன்னால் முட்டி மோதிச் சேற்றில் புரள்வார்கள்; ஃபுல்பேக் எல்லாருக்கும் பின்னால் தனியாக நிற்பான். வானத்துக்கு உதைத்த பந்தை ஊரே பார்க்கப் பிடிப்பான். எல்லாரையும் தாண்டி வருகிறவனைக் கடைசி ஆளாக மறிப்பான். முதுகில் ஒன்றாம் எண். வாராவாரம் அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவேன். என் கொடி, என் சோப்பு, என் கை. உள்ளே நுழையப்போகிற உடம்பு மட்டும் வேறு யாரோ பெற்றது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். நான் காக்கையைவிட எதில் குறைந்தவள்?

நெவில் நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் கிளென் ஓடியதை ஒருமுறை பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் இருக்கும்வரை என் பிள்ளை வெளியில்தான் உட்கார வேண்டும். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியா போகிற தேசிய அணியில் கிளென் நிச்சயம் என்று பத்திரிகைகளும் எழுத ஆரம்பித்துவிட்டன.

திட்டமிட்டுத் தொடங்கினேன் என்று எழுதாதீர்கள். முதல் ஞாயிறு மதியம், அவன் தட்டில் புட்டிங் காலியானதும், யாரும் கேட்பது போலத்தான் கேட்டேன்.

“இன்னொண்ணு வைக்கட்டுமாப்பா?”

“வைங்க ஆன்ட்டி. அம்மா போனதுக்கப்புறம் இன்னொண்ணு வேணுமான்னு யாருமே கேட்டதில்ல.”

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது, அது நடிப்பில்லை. பாவப்பட்டுக்கொண்டே மூன்றாவதையும் வைத்தேன். அன்றைக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. ஃபுல்பேக்குக்கு இருக்க வேண்டியது வேகம். வேகத்துக்கு எதிரி என் சமையலறையில் ஜாடி ஜாடியாக இருந்தது.

அதன்பின் காலையில் பேக்கனும், அந்தக் கொழுப்பிலேயே பொரித்த ரொட்டியும். சுரங்கத்துக்கு எடுத்துப் போக, உறைந்த மாட்டுக்கொழுப்பைக் கனமாகத் தடவிய ரொட்டி. பயிற்சி முடிந்து வந்தால், கொழுப்பு பிசைந்த மாவுருண்டைகள் மிதக்கும் கறிக் குழம்பு. படுக்கப் போகுமுன் ஒரு கிண்ணம் கஸ்டர்டு. வேண்டாம் என்று அவன் கையைக் காட்டினால், “உங்கம்மா கஸ்டர்டு செய்வாங்களா கிளென்?” என்று கேட்பேன். அவ்வளவுதான், கிண்ணம் காலியாகிவிடும். செத்துப்போனவளை உதவிக்குக் கூப்பிட்டேன். அவளும் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

துணி என் கையில்தானே இருந்தது. அவன் கால்சட்டையின் இடுப்பில் வாராவாரம் கொஞ்சம் தையலைப் பிரித்து, நூல் நூலாக விட்டுக் கொடுத்தேன். குளியலறையில் இருந்த எடை பார்க்கும் கருவிக்கு அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதையும் அவ்வப்போது தொட்டுக்கொண்டேன். அவன் ஏறி நின்று பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்துவான்.

“ஆன்ட்டி, இவ்வளவு தின்னும் உடம்புல ஒட்டவே மாட்டேங்குது பாருங்க!”

“உன் வயசு அப்படிப்பா. வா, ஆறுது,” என்பேன்.

அதே மேசையில் நெவிலுக்கு வேகவைத்த மீனும் முட்டைக்கோஸும் வைத்தேன். அவனுக்கு வாய் அதிகம்.

“ஏம்மா, அவனுக்குக் கறி, எனக்கு இலையா? என்னைப் பெத்தியா, இல்ல சந்தையில ஆட்டுக்குட்டி வாங்குறப்போ கொசுறா வாங்கினியா?”

“உனக்கு ஜீரணம் சரியில்லடா.”

“ஜீரணிக்க ஏதாவது போட்டுட்டு அதைச் சொல்லு.”

கிளென் சிரித்துக்கொண்டே தன் தட்டிலிருந்து ஒரு துண்டை அவன் பக்கம் தள்ளுவான். நான் எடுத்துத் திரும்ப கிளென் தட்டிலேயே போடுவேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்ண வைக்கிற வீடே இரண்டகம் செய்தால் என்ன என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

குளிர்காலம் முடிவதற்குள் பலன் தெரிந்தது. ஓர் ஆட்டத்தில் எதிரணி பந்தை உயர உதைத்து அவன் தலைக்குப் பின்னால் போட்டது. அவன் திரும்பினான். திரும்பிக்கொண்டே இருந்தான். கூட்டத்திலிருந்து ஒருவன், “டேய் ஆக்ராய்ட், பந்து அடுத்த ஸ்டாப்பிங்ல நிக்குதுடா! பஸ்ஸைப் புடிச்சுப் போ!” என்று கத்த, மைதானமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு நாகரிகம் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் உடைகளை எடுக்க உள்ளே போனேன். ராம்ஸ்டன் கிளெனின் இடுப்புச் சதையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“பின்னால ஆடுற பசங்க வயசானா தின்னு தின்னே முன்வரிசைக்கு வந்துடுவானுங்கன்னு எங்கப்பா சொல்வாரு. ஒரே சீசன்ல வந்தவன் நீதான்டா. என்னத்தைத் திங்குற?”

“ஆன்ட்டி போடுறதைத்தான் சார்.”

ராம்ஸ்டன் என்னைப் பார்த்தார். “நீ தங்கமானவ ஹில்டா. இவனுக்குத்தான் வாயைக் கட்டத் தெரியல,” என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆஸ்திரேலியா போகிறவர்களில் அவன் பெயர் இல்லை. அன்றைக்கு அவன் மாடியை விட்டு இறங்கவில்லை. கஸ்டர்டைத் தட்டில் வைத்து மேலே எடுத்துப் போனேன். “என்னால ஓட முடியல அம்மா, ஏன்னே தெரியல,” என்று சொல்லி அழுதான். ஆன்ட்டி போய் அம்மா வந்தது அன்றைக்குத்தான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அழுகை ஓய்ந்ததும் கிண்ணத்தைக் காலி செய்தான்.

அடுத்த வாரம் ஒன்றாம் எண் சட்டை நெவிலுக்கு வந்தது. அதை மட்டும் தெருப்பக்கக் கொடியில் காயப்போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

நான் செய்த ஒரே தவறு அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது. உடம்பைத்தான் நான் மாற்றினேன். வானத்திலிருந்து விழும் பந்தைப் பிடிக்கிற கையும், தப்பிக்க வழி தேடுகிற காலும் அவனிடம் அப்படியே இருந்தன. ராம்ஸ்டன் அவனை முன்வரிசையில் நிறுத்தினார். முன்வரிசைக்காரர்கள் சாதாரணமாகச் சுவரில் முட்டும் எருமைகள். இவனோ சுவரில் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்து முட்டினான். இரண்டே வருஷத்தில், மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயரில் இருக்கும் ஒரு பெரிய கிளப் அவனை வாங்கிக்கொண்டு போனது. அடுத்த முறை ஆஸ்திரேலியாவுக்கும் போனான். நான் கெடுக்கப் பார்த்த பெயரை நானே ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு கோப்பைப் போட்டியில் அவனுடைய புது கிளப் எங்கள் ஊருக்கு ஆட வந்தது. நான் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடியப்போகிற நேரம், கிளென் கையில் பந்து. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அவன் மேல் தொங்கினார்கள், உதறிவிட்டு வெளியே வந்தான். அவனுக்கு முன்னால் பாதி மைதானம் காலி. கடைசியில் ஒரே ஒருவன் நின்றான். என் பிள்ளை.

அந்த உடம்பில் ஒவ்வொரு பகுதியும் எனக்குத் தெரியும் தம்பி. அந்தத் தொடை என் மாவுருண்டை, அந்தத் தோள் என் பேக்கன். நெவில் விலகியிருக்கலாம். விலகவில்லை. மீனும் முட்டைக்கோஸும் தின்று வளர்ந்தவன், நான் சொல்லிக் கொடுத்தபடி கடைசி ஆளாக நின்றான். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். பாய்ந்தது என் மார்பில் இல்லை என்பதுதான் கொடுமை. முழங்கால் உடைந்த சத்தம் என் இருக்கைவரை கேட்டது.

கிளென் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு மண்டியிட்டு அழுதான். அவனேதான் நெவிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். ஆஸ்பத்திரிக்கும் தினமும் வந்தான். நெவில் அவனை அங்கேயே மன்னித்துவிட்டான். என்னை மன்னிக்கத்தான் வெகுநாள் ஆனது, இன்னும் ஆகவில்லை என்றுகூடச் சொல்லலாம். வீடு திரும்பி எடைக் கருவியில் ஏறியவன், அது குறைத்துக் காட்டுவதைப் பார்த்துக் கவிழ்த்திருக்கிறான்; திருகு கண்ணில் பட்டுவிட்டது.

“அவனுக்கு வச்ச கறியெல்லாம் இதுக்குத்தானாம்மா?” என்று ஊன்றுகோலோடு சமையலறை வாசலில் நின்று கேட்டான்.

“உனக்காகத்தான்டா.”

“எனக்கு அந்த இடம் வேணும்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா? எனக்குக் கறிதான்மா வேணும்னு கேட்டேன்.”

நெவில் இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். குளிர்சாதனப் பெட்டி விற்கிறான். கிறிஸ்துமஸுக்குப் போனில் பேசுவான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் வைத்துவிடுவான். அங்கிருந்தே கிளெனுக்கும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், திருகுவரை. கிளென் விழுந்து விழுந்து சிரித்தானாம். விருந்துகளில் அதையே ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்கிறான், “எங்கம்மா என்னைத் தின்ன வச்சே சர்வதேச ஆட்டக்காரன் ஆக்கிட்டாங்க” என்று. அதனால் நீங்கள் போய்ச் சொன்னாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சோறு போடுகிறவளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆனால் நெவிலுக்கே தெரியாத ஒன்று இருக்கிறது. இந்த வீட்டில் சாப்பிட்ட முதல் நாளே கிளென் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். நாற்பத்தைந்து வயதில், சாப்பாட்டு மேசையில், கையில் கரண்டியோடு சாய்ந்துவிட்டாராம். தாத்தாவும் அதே வயதை ஒட்டித்தானாம். இதயம், குடும்பத்தில் வருவது. “நானாவது கொஞ்சம் பார்த்துச் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு ஆன்ட்டி,” என்றான். கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்டேன்.

நீங்கள் ஏன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டீர்கள்? உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

ஆட்டத்தை விட்ட நாளிலிருந்து கிளென் ஞாயிறுதோறும் மலையைத் தாண்டிக் காரை ஓட்டிக்கொண்டு வருகிறான். நான் பெற்றவன் வருவதில்லை, இவன் ஒரு வாரம் தவறுவதில்லை. வரும் மே மாதம் அவனுக்கு நாற்பத்தைந்து. மாடியறைக்கு ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறான். டாக்டர் இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், வெண்ணெய் கூடாது, கொழுப்பு கூடாது என்று. “இனிமே எனக்கும் மீனும் முட்டைக்கோஸும்தான்மா,” என்று சிரித்தான். சரிப்பா என்றேன். மீன்தான் வைக்கிறேன். கூடவே மசித்த உருளைக்கிழங்கும். உருளைக்கிழங்கு எவ்வளவு வெண்ணெய் குடிக்கும் என்பது மசித்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பழிவாங்கல் என்று எழுதிவிடாதீர்கள். பழிக்குக் கோபம் வேண்டும், எனக்கு அவன்மேல் கோபமே இல்லை. பெற்ற பிள்ளை மாதிரிதான் வைத்திருக்கிறேன். வாயிலே போட்டுத் திணித்தேன் என்றும் யாரும் சொல்ல முடியாது. அவனாகத்தான் தட்டை நீட்டுகிறான், “கொஞ்சம் போடுங்கம்மா” என்று. நாளை ஞாயிறு, நாளைக்கும் நீட்டுவான். அம்மா இல்லாத பிள்ளை தட்டை நீட்டும்போது, போதும் என்று சொல்லி எழுப்பிவிடுகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை.