முறைப்பு அண்ணனின் மூக்குக்கண்ணாடி

சாட்சிக்கு வயது இருபத்தேழு. பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவை அவர் கேட்டுக்கொண்டபடி தனித்தாளில் எழுதி, உறையிட்டு இணைக்கப்பட்டுள்ளன. தொழில், திரைப்படத்தில் கன்டினியூட்டி உதவியாளர். விசாரித்தபோது கூறியதாவது:

நான் மேற்படி வேலையில் ஐந்து வருடங்களாக இருக்கிறேன். ஒரு சண்டையை நான்கு நாள்களில் முன்பின்னாக எடுப்பார்கள். ஒட்டும்போது சட்டைக் கை மடிப்போ நெற்றிக் காயமோ மாறிவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் தெருவையும் ஆட்களையும் படம் எடுத்து, நேரத்தோடு நோட்டில் குறித்துக்கொள்வேன். நடிகர்கள் கழற்றித் தரும் சொந்தப் பொருள்களையும் பெயர் எழுதிய உறையில் போட்டு நானே வைத்திருப்பேன்.

தற்போது எடுத்துவரும் படம் நிஜமாக வாழ்ந்த ஒரு தாதாவைப் பற்றியது. அவருடைய வழக்குக் கட்டுகளைப் படித்துக் குறிப்பெடுத்துத் தரும்படி இயக்குநர் சொன்னதால் முழுவதையும் படித்தேன். அதில் அவர் பெரும்பாலும் காத்திருக்கிறார், வயிற்று வலிக்கு மருந்து வாங்குகிறார், தங்கையின் கணவரோடு சண்டை போடுகிறார். இயக்குநர் படித்துவிட்டு, "இதுல தாதா எங்கம்மா இருக்கான்?" என்று கேட்டார். குறிப்பில் ஒரு வரிகூடப் படத்தில் சேரவில்லை.

அந்தப் படத்தில் அடியாளாக நடிப்பவரை நாங்கள் முறைப்பு அண்ணன் என்று அழைப்போம். வயது ஐம்பது இருக்கும். இருபது வருடங்களாக அடியாள் வேடம்தான். வசனம் கிடையாது, பார்வை மட்டும்.

முந்தாநாள் படப்பிடிப்பின் மூன்றாம் நாள். காலை 10.50 மணிக்குச் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றைத் தாண்டி வந்து முறைப்பு அண்ணனோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மூன்று நாள்களாகக் கூட்டத்தில் நின்று பார்த்தவர்தான். கையில் போன் இல்லை என்று சொன்னதால் என் கேமராவிலேயே எடுத்தேன். அதன் பிறகு அவர் முறைப்பு அண்ணனிடம், "அந்தப் பார்வை எப்படி சார் வருது? எனக்கு வரவே மாட்டேங்குது" என்றார்.

"அது பார்வை இல்ல சார், பவர். மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழட்டிட்டா எதிர்ல நிக்கிறது ஆளா கம்பமான்னு தெரியாது. உத்துப் பார்ப்பேன், ஜனங்க மிரண்டுடும். எங்க வீட்டுக்காரி ஒருத்திதான் மிரள மாட்டா."

சாம்பல் சட்டைக்காரர் வெகு நேரம் சிரித்தார். அவர் என்ன வேலை செய்கிறார் என்று நான் கேட்டதற்கு, "ஆளுங்ககிட்ட பேசிப் புரிய வைக்கிற வேலைம்மா" என்றார். ஏதோ முகவர் என்று எண்ணிக்கொண்டேன்.

அதன் பிறகு முறைப்பு அண்ணன் தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் அதை உறையில் போட்டேன். புகை இயந்திரத்தை இயக்கியதும் தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டார்கள்.

11.40 மணிக்குக் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடைப் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. முறைப்பு அண்ணன் என் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். "யாருப்பா அது, இப்படி ஓவரா கத்துறது? எனக்கே கூச்சமா இருக்கு" என்றார். ஒப்பனைக்கார அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். சண்டைப் பயிற்சிக்காரர்கள் ஒத்திகை பார்ப்பதாக நினைத்து, "11.40, அலறல் மிகை, குறைக்கச் சொல்ல வேண்டும்" என்று நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தை ஒப்படைக்கிறேன்.

அதன் பிறகு அரை மணி நேரம் கழித்தே, கடையைக் காலி செய்ய மறுத்த கடைக்காரரின் வலது கை விரல்கள் மூன்றை யாரோ முறித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அவர் கடையிலிருந்தபடியே மூன்று நாள்களாக எங்கள் சண்டையைப் பார்த்திருக்கிறார். வந்தவன் முகத்தைக் கட்டியிருந்தான், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு முறைத்தான், அதே பார்வை என்று சொல்லி முறைப்பு அண்ணனைக் காட்டியிருக்கிறார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

முறைப்பு அண்ணனைப் போலீசார் வேடத்தோடு அழைத்துப் போனார்கள். அவர் அப்போது எங்களோடு இருந்தார் என்று குழுவினர் சொன்னதைக் கூட்டாளிகள் சொன்னது என்று ஏற்கவில்லை என அறிகிறேன். கடை மேசையில் கிடைத்த கண்ணாடி அவருடையது என்பதே அவர்மீது பெரிய சாட்சியம் என்பது நேற்று மாலைதான் எனக்குத் தெரிய வந்தது. கம்பெனி ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அதுவரை சும்மா இருந்தது என் தவறு.

இன்று காலை நிலையத்தில் அவரைப் பார்க்க அனுமதித்தார்கள். வந்தது யார் என்று தெரியாமல் என்னை உற்றுப் பார்த்தார். உடனே காவலர், "இங்க வந்தும் முறைப்பா?" என்று அதட்டினார். குரலை வைத்து என்னைக் கண்டுகொண்ட பிறகு அவர், "அந்தக் கண்ணாடி என் பவர் இல்லன்னு சொல்லிட்டேம்மா. யார் கேக்குறா? இந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் சொன்னா எனக்கே நம்பிக்கை வராது" என்றார். இடது கன்னம் வீங்கியிருந்தது. அது ஒப்பனை இல்லை. அவருடைய ஒப்பனைக் காயம் வலது பக்கம்.

அதன் பிறகு என் பையிலிருந்த உறையைப் பிரித்து அவருடைய கண்ணாடியை அதிகாரியிடம் கொடுத்தேன். கடை மேசையில் கிடைத்த கண்ணாடியையும் காட்டச் சொன்னேன். அதன் இடது காதுக் கம்பி மடங்கும் இடத்தில் திருகு இல்லை, கறுப்பு நூல் சுற்றியிருந்தது. 10.50 மணிப் படத்தில் முறைப்பு அண்ணனுக்குப் பக்கத்தில் கைகட்டிக் கூச்சத்தோடு சிரிப்பவர் போட்டிருக்கும் கண்ணாடியிலும் அதே இடத்தில் கறுப்பு நூல் இருக்கிறது. 11.55 மணிக்கு எடுத்த தெருப் படத்தில் அதே ஆள் கைக்குட்டையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கயிற்றுக்குப் பின்னால், முன்வரிசையில் நிற்கிறார். கண்ணாடி இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடுத்த ஷாட்டுக்காகக் காத்திருக்கிறார்.

காரியம் முடிந்ததும் ஓடாமல் ஏன் திரும்பி வந்து நின்றார் என்று அதிகாரி கேட்டார். எனக்கும் அது விளங்கவில்லை. வழக்குக் கட்டு முழுவதும் படித்த நான்கூட நல்ல தாதாப் படம் வந்தால் முதல் வரிசையில் உட்காருகிறவள்தான் என்று சொன்னேன்.

படத்தை நிலையத்தில் மூன்று பேரிடம் காட்டி, இவர்களில் விரல்களை முறித்தவர் யார் என்று அதிகாரி கேட்டார். மூவரும் முறைப்பு அண்ணனைத் தொட்டார்கள். அதன் பிறகு அதிகாரி முறைப்பு அண்ணனிடம் அவருடைய கண்ணாடியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். சாம்பல் சட்டைக்காரரின் அடையாளம் எழுதிய இடத்தில் "முரட்டுத் தோற்றம் உடையவர்" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அதை அடித்துவிடும்படி கேட்டேன், அடிக்கப்பட்டது. மற்றவை நான் கண்டதும் சொன்னதுமே.

(சாட்சியின் கையொப்பம்)